தந்தை தொலைவில், கோபம் தாய்மீது

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய தாயும் அப்பத்தாவும் எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். மூன்று மாதங்களாக வயிற்றுவலி. தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சுருண்டு படுப்பான். அரை மணி நேரத்தில் எழுந்து விளையாடப் போவான். மறுநாள் காலையில் மீண்டும் வலி. தாயின் கையிலிருந்த பையில் மூன்று ஸ்கேன் அறிக்கைகள் இருந்தன. குடற்புழு மாத்திரை இரண்டு முறை கொடுத்தாயிற்று. அப்பத்தா மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு இடுப்பில் இருந்தது. மூன்று ஸ்கேன்களிலும் 'வயிற்றில் சிறிய நெறிக்கட்டிகள்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு உறவினர் ஒருவர் காசநோயாக இருக்கலாம் என்று சொல்லிவிட, வீட்டில் பத்து நாட்களாக யாரும் சரியாக உண்ணவில்லை.

முதலில் அந்த வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். இதே வரியோடு வாரந்தோறும் யாராவது வருகிறார்கள். குடலைத் தாங்கும் சவ்வில் நிணநீர்க் கணுக்கள் எல்லோருக்கும் உண்டு. நலமாக ஓடியாடும் குழந்தைக்கு ஸ்கேன் எடுத்தாலும் சிறிய கணுக்கள் தென்படுவது வழக்கம். அவற்றின் அளவு, காய்ச்சல், எடைக் குறைவு, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் அவற்றுக்குப் பொருள் சொல்ல முடியும். இந்தச் சிறுவனுக்குக் காய்ச்சல் இல்லை. எடை குறையவில்லை. வலி அவனை உறக்கத்திலிருந்து எழுப்பவில்லை. மலத்தில் இரத்தம் இல்லை, பச்சை நிறத்தில் வாந்தி இல்லை, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் இல்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தோம். எந்த இடத்திலும் கட்டியோ விறைப்போ இல்லை. அடிப்படைப் பரிசோதனைகள் அனைத்தும் சரியாக இருந்தன. நான்காவது ஸ்கேன் தேவையில்லை என்றோம்.

பள்ளி வயதுக் குழந்தைகளிடம் இத்தகைய வலி அரிதன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒரு பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வயிற்றுவலி வந்தது தெரிந்தது. அவர்களுள் பெரும்பாலோரிடம் உறுப்பு சார்ந்த நோய் எதுவும் இல்லை. 'நோய் இல்லை' என்றவுடன் 'அப்படியென்றால் நடிக்கிறான்' என்று முடிவு கட்டிவிடுகிறோமே, அதுதான் தவறு. குடலைச் சுற்றி அடர்ந்த நரம்பு வலைப்பின்னல் ஒன்று உள்ளது. அது மூளையோடு இடைவிடாது செய்தி பரிமாறிக்கொண்டிருக்கிறது. மனம் பதற்றத்தில் இருக்கும்போது குடலின் இயல்பான அசைவும் காற்றின் நகர்வும்கூட அக்குழந்தைக்கு வலியாகவே உணரப்படுகின்றன. தேர்வு நாளன்று நம் வயிறு கலங்கியதை நாம் நடிப்பு என்று சொல்வதில்லை.

சிறுவனின் தந்தை குவைத்தில் கனரக வாகன ஓட்டுநர். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் விடுப்பில் வருவார். வீட்டில் தாய், சிறுவன், நான்கு வயதுத் தங்கை, தந்தையைப் பெற்ற அப்பத்தா. இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து எங்களிடம் வரும் குடும்பங்களுள் இப்படிப்பட்டவை மிகுதி. (இக்குடும்பத்தைப் பற்றிப் பெற்றோரின் இசைவுடன், அடையாளங்களை மாற்றி எழுதுகிறோம்.)

அன்று அந்தத் தாய் வயிற்றுவலியைப் பற்றிப் பேசியதைவிட வேறொன்றைப் பற்றியே அதிகம் பேசினார். "பெத்தவ நான், டாக்டர். ஆனா என்னைப் பாத்தாலே எதிரியைப் பாக்குற மாதிரி பாக்குறான். சோறு வச்சா தட்டைத் தள்ளுறான். எதுக்கெடுத்தாலும் 'அப்பா இருந்தா இப்படிச் செய்ய மாட்டாரு'ங்கிறான். அவுங்க இவன்கூட இருந்ததே எல்லாம் சேர்த்து ஆறு மாசம் இருக்காது." சிறுவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பத்தா, "தகப்பன் இல்லாத வீட்டுல அப்படித்தான் இருக்கும், இவளுக்குப் புள்ளைய வளக்கத் தெரியல" என்றார். அந்தப் பேச்சை நாங்கள் சிறுவனின் முன்னிலையில் தொடர விட்டது சரியன்று. அவனை வெளியே விளையாட அனுப்பிவிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

நாங்கள் முதலில் சொன்ன தவறான ஆலோசனை

தந்தையின் பணி இரவு ஏழு மணிக்கு முடியும். குளித்து, உண்டு, எட்டு மணிக்கு அழைப்பார். குவைத்தில் எட்டு என்றால் இங்கே பத்தரை. அந்த அழைப்பு வரும்வரை சிறுவன் உறங்க மாட்டான். பேசி முடித்த பிறகும் உறக்கம் வராது. காலையில் எழுப்பினால் வயிற்றுவலி. இதைக் கேட்டவுடன் எங்களுக்கு விடை கிடைத்துவிட்டதாக எண்ணினோம்: உறக்கக் குறைவு, பள்ளிக்குப் போக விருப்பமின்மை. வீடியோ அழைப்பை வெள்ளிக்கிழமை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நாட்களில் ஒன்பது மணிக்குள் உறங்க வையுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். வலி வரும் நேரத்தைக் குறித்து வருமாறும் கேட்டுக்கொண்டோம்.

மூன்று வாரங்கள் கழித்து வந்தபோது நிலைமை மோசமாகியிருந்தது. ஐந்து வயதிலேயே நின்றுவிட்ட படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பியிருந்தது. தாயின் முன்கையில் கடித்த தழும்பு. அப்பாவைப் பேச விடாமல் தடுப்பது அம்மாதான் என்று சிறுவன் முடிவு செய்துவிட்டான். அவனைப் பொறுத்தவரை அது பொய்யும் அன்று. தொலைபேசி தாயின் கையில் இருந்தது, தர மறுத்தவர் தாய். மருத்துவர் சொன்னார் என்பது எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு பொருட்டாகுமா? ஏற்கெனவே எல்லாக் கண்டிப்பும் தாயின் பங்காக இருந்த வீட்டில், தந்தைக்கும் மகனுக்கும் நடுவே நிற்கும் காவல்காரர் வேலையையும் நாங்களே அவரிடம் கொடுத்திருக்கிறோம்.

வலியைக் குறித்துவரச் சொன்னதற்குத் தாய் கொண்டுவந்தது தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள். ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் நேரமும் என்ன உண்டான் என்பதும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. மேசையில் அவற்றை நாள்வாரியாகப் பரப்பினோம். வலி மிகக் கடுமையாக இருந்தது சனிக்கிழமைகளில். அவன் பள்ளிக்குச் சனிக்கிழமை விடுமுறை. பள்ளிக்கு அஞ்சி வலி வருகிறது என்ற எங்கள் கருத்து அத்தோடு முடிந்தது. இன்னும் பின்னோக்கிக் கேட்டபோது, வலி தொடங்கியதே கோடை விடுமுறையில் என்பதும் தெரிந்தது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

குவைத்தில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஆகவே வெள்ளி இரவு தந்தை நீண்ட நேரம் பேசுவார். அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று தாயிடம் விரிவாகக் கேட்டோம். முதலில் அப்பத்தா பேரனைப் பற்றிய ஒரு வாரக் குற்றப்பட்டியலைச் சொல்வார். தாயும் தம் பங்குக்குச் சொல்வார். ஏனெனில் 'இருடா, வெள்ளிக்கிழமை அப்பாகிட்டச் சொல்றேன்' என்று வாரம் முழுவதும் சொல்லியாயிற்று. தந்தை மகனை அழைத்துக் கண்டிப்பார். சிறிது நேரத்தில் அவருக்கே மனம் கேளாது. அடுத்த முறை வரும்போது சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்பார். அதன்பின் பேச்சு வீட்டுக் கடனுக்குத் திரும்பும். கணவன் மனைவி குரல் உயரும். சிறுவன் அங்கேயே படுத்திருப்பான். உறங்கிவிட்டான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வாரம் முழுவதும் அவன் ஏங்கிக் காத்திருந்த தந்தை, திரையில் தோன்றும்போது நீதிபதியாகத் தோன்றினார். எங்கள் ஆலோசனைக்குப் பிறகு, அந்த ஒரு நாள்தான் அவனுக்கு மிஞ்சியது.

ஏன் அருகில் இருப்பவரிடம் கோபம்?

பிரிவைக் குழந்தைகள் எப்படித் தாங்குகிறார்கள் என்பதை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஜான் பௌல்பி என்ற இங்கிலாந்து மனநல மருத்துவர். உலகச் சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கை 1951இல் வெளிவந்தது. அவரோடு பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். இரண்டரை வயதை எட்டாத லாரா என்ற சிறுமி சிறிய அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் தனியே இருந்ததை அது காட்டுகிறது. அக்காலத்தில் பெற்றோர் குழந்தையோடு தங்க அனுமதி இல்லை. பார்வை நேரமும் மிகக் குறைவு. தாய் வந்தபோது அந்தக் குழந்தை ஓடிச்சென்று ஒட்டிக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தகைய பணிகளின் பயனாக, குழந்தையோடு பெற்றோர் இருக்க அனுமதிக்க வேண்டும் என்று பிளாட் குழுவின் அறிக்கை 1959இல் இங்கிலாந்தில் பரிந்துரைத்தது. இன்று எங்கள் குழந்தைகள் பிரிவில் ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் தாய் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். நம் ஊரில் அதற்கு அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. எந்தத் தாயும் எழுந்து போகச் சம்மதித்ததில்லை.

பிரிந்த குழந்தை முதலில் அழுது எதிர்க்கிறது. பிறகு சோர்ந்து ஒடுங்குகிறது. இறுதியில் பற்றே இல்லாததுபோல விலகி நிற்கிறது என்று பௌல்பியும் ராபர்ட்சனும் விளக்கினர். நம் சிறுவன் இருந்தது முதல் நிலையில். அவனுடைய எதிர்ப்பு தந்தையை நோக்கிப் போக முடியாது. கோபித்தால் அவர் அழைக்காமலே இருந்துவிடுவாரோ என்ற அச்சம் உண்டு. தாயிடம் அந்த அச்சம் இல்லை. கடித்தாலும் தட்டைத் தள்ளினாலும் மறுநாள் காலையில் அவர் இட்லி ஊற்றுவார் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே அந்தக் கோபம் முழுவதும் அவர்மீதே இறங்குகிறது. தம்மை வெறுக்கிறான் என்று அந்தத் தாய் நம்பியிருந்தார். வெறுப்பு அன்று; இவர் எங்கும் போய்விட மாட்டார் என்ற உறுதி. இதை விளக்கியபோது அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. "அப்ப நான் அடி வாங்கிக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடிப்பதையும் அடிப்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கையைப் பிடித்து நிறுத்தி, 'கோபப்படலாம், அடிக்கக் கூடாது' என்று சுருக்கமாகச் சொல்லலாம். 'அப்பா ஞாபகம் வந்துடுச்சா?' என்று கேட்கலாம். தந்தையின் பெயரைச் சொல்லி மிரட்டுவதை மட்டும் அடியோடு நிறுத்த வேண்டும்.

தொலைவில் இருப்பவருக்குக் குறைகள் தெரியாமல் போவதும் ஒரு காரணம். அவர் பல் துலக்கச் சொல்வதில்லை, கணக்குப் பாடம் கேட்பதில்லை, மருந்து புகட்டுவதில்லை. அவர் வரும்போது பெட்டியும் சாக்லேட்டும் வருகின்றன. நாள்தோறும் பாவற்காய்ப் பொரியல் வைப்பவர் அவரோடு எப்படிப் போட்டியிட முடியும்? போட்டியிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 'உங்கப்பா என்ன பெருசா செஞ்சுட்டாரு' என்று தாய் ஒரு முறை சொல்லிவிட்டால், குழந்தை தந்தையின் பக்கம் இன்னும் இறுகிப் போகிறது. தந்தையைச் சற்றே சாதாரண மனிதராக ஆக்குவதுதான் வழி.

இம்முறை தந்தையையும் தொலைபேசியில் அழைத்து ஆலோசனையில் சேர்த்துக்கொண்டோம். அவரை முதல் நாளே சேர்க்காததும் எங்கள் குறைதான். அவர் பணிக்குப் புறப்பட அதிகாலை நான்கரைக்கு எழுகிறார். அப்போது இங்கே மணி ஏழு. சிறுவன் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். இரவு அழைப்பை அந்த நேரத்துக்கு மாற்றினோம். பத்து நிமிடம் போதும். தொலைபேசியைச் சமையற்கட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட வேண்டும். அவர் அங்கே தேநீர் குடிப்பார். இவன் இங்கே இட்லி உண்பான். பேச எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. படிப்பைப் பற்றியும் குறும்பைப் பற்றியும் விசாரணை கூடாது. பகலில் லாரியில் என்ன ஏற்றினேன், சாலையில் ஒட்டகம் நின்றது, அறையில் இன்று என் சமையல் முறை, பருப்பு அடிப்பிடித்துவிட்டது என்பவற்றைச் சொல்லலாம். உறங்கும் முன் கேட்பதற்கு இரண்டு நிமிடக் கதையைக் குரல் பதிவாக அனுப்பலாம். கடன், கட்டடச் செலவு, மாமியார் மருமகள் பிணக்கு ஆகியவற்றைப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் பெரியவர்கள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டும்.

தண்டனையும் தீர்ப்பும் அன்றன்றே வீட்டில் தாயால் முடிக்கப்பட வேண்டும் என்பதைத் தந்தையே மகனிடம் சொன்னார்: "அம்மா சொல்றதுதான் நான் சொல்றதும். என்கிட்ட வந்து மாத்திக் கேக்கக் கூடாது." அப்பத்தாவும் அதைக் கேட்டார். அந்த வீட்டில் தாயின் சொல்லுக்கு மதிப்புக் கூடியது அந்த ஒரு பேச்சால்தான் என்று நினைக்கிறோம்.

மூன்றாவது வருகையில்தான் தாயிடம், "நீங்கள் உறங்குகிறீர்களா?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் நெடுநேரம் அழுதார். பிள்ளைகளோடு தனித்து நிற்கும் தாய்மாருக்கு உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமின்றி எரிச்சல், கைகால் வலி ஆகியன வாரக்கணக்கில் தொடருமானால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். 'வெளிநாட்டுப் பணம் வருகிறது, இவளுக்கு என்ன குறை' என்ற ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி அவர்கள் வாய் திறப்பதில்லை. எங்கள் மனநலப் பிரிவில் அவர் ஆலோசனை பெற்றார். குழந்தைக்கு அளித்த எந்த மருந்தையும்விட அது அந்த வீட்டுக்குப் பயன்பட்டது.

வருகையும் புறப்பாடும்

விடுப்பில் வரும் தந்தையரிடமிருந்து நாங்கள் அடிக்கடி கேட்கும் வருத்தம் ஒன்று உண்டு. ஈராண்டு காத்திருந்து, வாங்கியதையெல்லாம் பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்து இறங்கினால், பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. தொலைபேசியில் 'எப்பப்பா வருவீங்க' என்று உருகிய அதே பிள்ளை. இச்சிறுவனும் கடந்த மாசியில் தந்தை வந்தபோது பத்து நாட்கள் அவர் பக்கத்தில் போகவில்லை. முதல் இரவே அவனைத் தாயின் பக்கத்திலிருந்து எழுப்பி அப்பத்தாவின் அறைக்கு மாற்றினார்களாம். நான்காம் நாள் அவன், "இவரு எப்பம்மா போவாரு?" என்று கேட்டதைத் தந்தை காதால் கேட்டுவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு எங்களிடம் அதைச் சொல்லும்போதும் அவர் குரல் தடுமாறியது.

குழந்தையின் மனத்தில் இருந்தவர் திரையில் தெரிந்த ஒரு முகம். வந்து நிற்பவர் உயரமானவர். அவருக்கு வேறு வாசனை இருக்கிறது. தன் இடத்தில் படுக்கிறார். குழந்தைக்கு இரண்டு வாரமாவது வேண்டும். படுக்கும் இடத்தை வந்த அன்றே மாற்ற வேண்டாம். 'அப்பாவுக்கு முத்தம் கொடு' என்று உறவினர் முன்னிலையில் தள்ள வேண்டாம். நகர்ப்புறக் கடைகளுக்கும் உறவினர் வீடுகளுக்கும் அலைவதைக் குறைத்து, பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது, தலைக்கு எண்ணெய் வைப்பது, நகம் வெட்டுவது போன்ற அன்றாட வேலைகளில் ஒன்றிரண்டைத் தந்தை எடுத்துக்கொள்ளலாம். ஈராண்டுக் கண்டிப்பை நாற்பத்தைந்து நாட்களில் செலுத்திவிட முயல்வோரும் உண்டு. அந்த முயற்சி தந்தைக்கும் பிள்ளைக்கும் மனக்கசப்பில்தான் முடிகிறது.

புறப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குழந்தை அழும் என்பதற்காக அது உறங்கும்போது கிளம்பிவிடுவது நம் வீடுகளில் பெருவழக்கு. விமானமும் பெரும்பாலும் விடியற்காலையில் இருப்பதால் அது எளிதாகவும் இருக்கிறது. அன்பின் காரணமாகவே அப்படிச் செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் காலையில் எழுந்து பாயில் அப்பா இல்லாததைக் காணும் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது? நான் கண் மூடினால் ஆள் போய்விடுவார்கள் என்பதை. இச்சிறுவனின் தந்தை சித்திரையில் இரவு இரண்டு மணிக்குச் சொல்லாமல் புறப்பட்டார். அடுத்த வாரம் வயிற்றுவலி தொடங்கியது. அன்றிலிருந்து நள்ளிரவில் எழுந்து தாயின் புடவைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பதை அவன் வழக்கமாக்கிக்கொண்டிருந்தான். இரவு உறக்கம் வராததற்குக் காரணம் தொலைபேசி மட்டுமன்று.

ஆகவே சொல்லிவிட்டே புறப்படுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 'இரண்டு வருடம்' என்பது விளங்காது. இரண்டு தீபாவளி, இரண்டு பொங்கல் என்றால் ஓரளவு விளங்கும். ஒரு வாரம் முன்பே சொல்லத் தொடங்கலாம். பெட்டி கட்டும்போது குழந்தையையும் சட்டைகளை அடுக்கச் சொல்லலாம். புறப்படும் நேரம் நள்ளிரவு என்றால் எழுப்பி விடைபெறலாம். அழும், அழட்டும். தந்தையும் அழுதால் குற்றமில்லை. அவர் உடுத்திய கைலியோ சட்டையோ ஒன்றைத் துவைக்காமல் வைத்துவிட்டுப் போனால், பல குழந்தைகள் அதைக் கட்டிக்கொண்டு உறங்குகின்றன. அதை எடுத்துத் துவைத்துப் போட்டுவிட வேண்டாம் என்று அப்பத்தாமார்களை வேண்டிக்கொள்கிறோம்.

பிழைப்புக்காகப் பிரிந்திருக்கும் குடும்பத்தைப் பற்றியே இவ்வளவும் எழுதினோம். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குச் சென்றிருக்கும் வீடுகளிலும் பெரும்பகுதி இதுவே பொருந்தும். மணமுறிவு, சிறை, குடியினால் வீட்டைவிட்டுப் போன தந்தை என்று வேறு வகைகளும் உண்டு. அடித்துத் துன்புறுத்திய தந்தைக்காகவும் குழந்தை ஏங்கும். அதைக் கண்டு அடிபட்ட தாய் மனம் உடைந்து போகிறார். அந்த ஏக்கம் தாய்க்கு எதிரானது அன்று. ஆனால் அதற்காகப் பாதுகாப்பில்லாத சந்திப்புகளுக்கு இணங்க வேண்டியதும் இல்லை. தந்தை இறந்துவிட்ட வீட்டில் 'வெளிநாடு போயிருக்கிறார்' என்று சொல்லும் வழக்கத்தை மட்டும் கண்டிப்பாக விட்டுவிடுங்கள். நம் பகுதியில் வெளிநாடு போனவர்கள் திரும்பி வருகிறார்கள். அந்தக் குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்பா இறந்துவிட்டார், இனி வர மாட்டார், நாங்கள் உன்னோடு இருக்கிறோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்; மறுபடி மறுபடி கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.

வயிற்றுவலியோடு உறக்கத்தில் எழுப்பும் வலி, எடைக் குறைவு, காய்ச்சல், மலத்தில் இரத்தம், பச்சை வாந்தி, தொப்புளைவிட்டு விலகி ஒரே இடத்தில் நிலைத்த வலி ஆகியவற்றுள் எது இருந்தாலும் மனக்காரணம் என்று வீட்டிலேயே முடிவு செய்யாமல் உடனே மருத்துவரிடம் வாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோகம், விளையாட்டில் நாட்டமின்மை, பள்ளிக்குப் போக முற்றாக மறுத்தல், 'செத்துப்போறேன்' என்ற பேச்சு ஆகியன மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. குழந்தை தானே, விளையாட்டாகச் சொல்கிறது என்று விட்டுவிடக் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தாய்மாரும் தங்களுக்காக அழைக்கலாம்.

சிறுவன் சென்ற மாதம் வந்திருந்தான். வலி முற்றாகப் போய்விடவில்லை. மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வருகிறது. வந்தால் தாய் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார். படுக்கை நனைவது நின்றுவிட்டது. எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறது. தாயோடு இன்னும் சண்டை உண்டு, கடிப்பதில்லை. தந்தை தொலைபேசியில் இருந்தார். எல்லாம் பேசி முடித்தபின் தயக்கத்தோடு ஒன்று கேட்டார். "இப்பல்லாம் பாதிப் பேச்சுல வேன் ஹாரன் கேட்டா, போனை அப்பத்தா கையில குடுத்துட்டு ஓடிடுறான் சார். முன்னாடி வைக்கவே விட மாட்டான். என்னை மறக்குறானோ?"

இல்லை என்றோம். மறுநாள் காலையிலும் நீங்கள் வருவீர்கள் என்று அவன் நம்பத் தொடங்கிவிட்டான் என்றோம். அவர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, பணிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். சிறுவனை ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறோம்.